ஓநாய் மனிதனுக்கு அடியில் ஒரு பெயர்

மங்கையர்க்கரசிக்கு ஐம்பத்தேழு வயது. பாளையங்கோட்டையில் அவளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த கிளாடிஸ் டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

வகுப்பில் மற்றவர்கள் மயிலும் தாமரையும் வரைந்தார்கள். மங்கை வரைந்தது ஓநாய் மனிதனை. பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்களில், பௌர்ணமி நிலவைப் பார்த்து உடம்பெல்லாம் ரோமம் முளைத்து நிற்பானே, அவனை. அக்ரிலிக்கில் கறுப்பைப் பூசி, அதன்மேல் பழுப்பு, அதன்மேல் சாம்பல் என்று ரோமம் ரோமமாக எழுப்பினாள். கண்கள்தான் அவளைப் படுத்தி எடுத்தன. வரைவாள், அழிப்பாள், மறுபடி வரைவாள். கடைசியில் ஒருநாள் அவை அமைந்துவிட்டன. மிருகமாகிக்கொண்டிருப்பது தனக்கே தெரிந்த ஒரு மனிதன், அந்தக் கண்களுக்குள்ளிருந்து பார்த்தான்.

வீட்டில் மட்டும் அம்மன் படம் வரைவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

வகுப்பில் வரைந்த படங்களின் கண்காட்சி அன்று காலை டீச்சரிடம் கேட்டாள்.

“அடியில பேர் போடணுமா டீச்சர்?”

“படம் உங்களுதுதானே?”

மங்கை மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, ஓநாய் மனிதனின் காலடி நிழலில், கரும்பழுப்பில் எழுதினாள். டீச்சர் குனிந்து தேடினாள்.

“எங்க இருக்கு?”

“உத்துப் பார்த்தா தெரியும்.”

“ஏன் உத்துப் பார்க்கணும்?”

மங்கை சேலைத் தலைப்பைத் திருகினாள்.

“தென்காசியிலேருந்து சம்பந்தியம்மா வர்றாங்க. அம்மன் படத்தைப் பார்க்கணும்னு ஆசையா வர்றாங்க. இந்த வயசுல புத்தி ஏன் இப்படிப் போகுதுன்னு கேட்டா, நான் என்ன டீச்சர் சொல்ல?”

டீச்சர் பெரிய பிரஷ் ஒன்றைக் கறுப்பில் முக்கினாள்.

“அப்ப முகத்தையும் இருட்டாக்கிடுவோம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

பிரஷ் கண்களை நோக்கிப் போனது. மங்கை பாய்ந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடாதீங்க!”

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அதுவரை டீச்சரை எதிர்த்து மங்கை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. ஆனாலும் பிடியை விடவில்லை.

“இந்தக் கண்ணு நல்லா வந்திருக்கு டீச்சர். இந்த அறையில இதை மாதிரி ஒண்ணு இல்லை.”

“யாரு வரைஞ்சது?”

“நான்தான் வரைஞ்சேன்.”

டீச்சர் கறுப்பு பிரஷ்ஷைக் கழுவப் போனாள். மங்கை வெள்ளை ட்யூபைத் திறந்தாள். மங்கையர்க்கரசி என்று ஓரெழுத்தும் விடாமல், வாசலிலிருந்தே படிக்கிற மாதிரி எழுதினாள்.

மதியம் சம்பந்தியம்மா வந்தாள். மயில்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓநாய் மனிதனைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள். பெயரைப் படித்தாள். மங்கையைப் பார்த்தாள். மங்கை தலையைக் குனியவில்லை. மறுபடி அந்தக் கண்களைப் பார்த்தாள் சம்பந்தியம்மா. நகர முடியாமல் அங்கேயே நின்றாள்.

“ஆத்தாடி, குலை நடுங்குதே!” என்று டீச்சர் பக்கம் திரும்பினாள். “இதையெல்லாமா இங்க சொல்லிக்குடுக்கிறீங்க?”

“இல்லம்மா,” என்றாள் டீச்சர். “எனக்கு இது வராது. அவங்ககிட்ட கேளுங்க.”