பதினோராம் பக்கம்

"மேடம், அந்த லூர்துமேரி அம்மா என்னை மனுஷனாவே மதிக்கலை!"

ஆடிட்டர் சங்கரலிங்கம் செருப்பைக் கழற்றும்போதே கத்தினார்.

வக்கீல் திலகராணி நிமிர்ந்து பார்த்தார். சங்கரலிங்கத்தைவிட வயதில் பத்து வருஷம் இளையவர். ஆனாலும் அறக்கட்டளைப் பத்திரம் எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான்.

"என்ன செஞ்சாங்க?"

"இறந்துபோன மக ஜெனிட்டா பேர்ல அறக்கட்டளை வைக்கணும், இருக்கிற வீட்டையே எழுதி வைக்கிறேன்னு வந்தாங்க. காது கேக்காத பிள்ளைகளுக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுக்கணுமாம். மூணு மாசம் நாயா அலைஞ்சேன். இன்னைக்குப் பத்திரத்தைப் படிச்சுட்டே இருந்தவங்க பாதியில எழுந்து, வீட்டுப் பத்திரத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நன்றி கெட்ட ஜென்மம்!"

"படிங்க."

"எதை?"

"நீங்க எழுதினதை. வாய்விட்டு."

முதல் பக்கம் கணீரென்று வந்தது. நாலாம் பக்கத்தில் நோக்கங்கள். கல்வி, மருத்துவம், அன்னதானம், கோசாலை.

"கோசாலையா? அவங்க கேட்டாங்களா?"

"எல்லாப் பத்திரத்துலயும் போடுறதுதானே மேடம். இருந்துட்டுப் போகட்டும்."

"ம். மேலே படிங்க."

பதினோராம் பக்கத்தில் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? சத்தமா!"

"அமரர் ஆவுடையப்பன் அவர்களின் நினைவைப் போற்றும் வகையில்..."

ஆவுடையப்பன் போன வருஷம் வந்த வேறொரு கட்சிக்காரரின் அப்பா. பழைய பத்திரத்தை நகலெடுத்துப் பெயரை மாற்றியபோது ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது. பெற்ற தாய் கண்ணில் அதுதான் பட்டிருக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"டைப் அடிச்ச பொண்ணு பண்ணின வேலை மேடம். ஒரு நிமிஷத்துல மாத்திடலாம்."

திலகராணி அத்தனை பக்கத்தையும் வாங்கிக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் அறைந்தார்.

"ஜெனிட்டாவைப் பத்தி நாலு வரி எழுதுங்க."

சங்கரலிங்கம் பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடினார்.

"அவளுக்கு என்ன வயசு? என்ன வேலை பார்த்தா? காது கேக்காத பிள்ளைங்களுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியலை மேடம்."

"மூணு மாசமா அந்த அம்மாகிட்ட என்னத்தைத்தான் கேட்டீங்க?"

"பான் கார்டு, ஆதார், வரிவிலக்குக்கு வேண்டிய..."

"எழுந்திருங்க. வெளியே போங்க!"

சங்கரலிங்கம் போனார். வெள்ளைத்தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்.

லூர்துமேரி அம்மாள் கதவைப் பாதிதான் திறந்தார்.

"இப்ப எங்கே கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்து வேண்டாம்மா." வெள்ளைத்தாளை நீட்டினார். "ஜெனிட்டா எப்படிப்பட்ட பிள்ளை?"

"இதைக் கேக்க உமக்கு மூணு மாசமாய்யா ஆச்சு?"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் அந்த அம்மாள். கத்திக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.