பொத்தானுக்கு வைத்த பெயர்

சூசைக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த வான்மதிக்கு முப்பத்து மூன்று. கோவையில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், முப்பது நாற்காலி போட்ட அறைக்குத் தினமும் வருவது இவர்கள் இருவர்தான். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள்.

கட்டடத் தொழிலாளர்கள் நல அட்டைக்கு விண்ணப்பிக்கும் இணையப் பக்கம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. அதிலுள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் சூசை ஒரு பெயர் ஒட்டுவார். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. வான்மதி எழுதிய சோதனை நிரல் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லித் தேடும். பொத்தானை அழுத்தி, வேலை செய்கிறதா என்று பார்க்கும்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி மக்களுக்குப் போகும் பிரதியில் அந்தப் பெயர்கள் இருக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் உரித்துவிட வேண்டும்.

"எதுக்கு அம்மணி உரிக்கணும்? பாரமா?" என்று கேட்டார் சூசை.

"கொஞ்சம் பாரந்தான். அதைவிட, வெளியாள் எவனாவது பக்கத்தோட நிரலைப் பிரிச்சுப் பார்த்தா நம்ம பொத்தானெல்லாம் பேரோட வரிசையா நிக்கும். அவன் நிரலும் அதே பேரைச் சொல்லி அழுத்தும். பொய் விண்ணப்பமாப் போட்டுத் தள்ளுவான்."

"போடறவன் பேர் இல்லாமயும் போடுவான்."

"போடட்டும். நாம எதுக்கு வழி காட்டணும்? அதுவுமில்லாம, வெளிய அந்தப் பேருக்கெல்லாம் வேலை இல்லீங்கண்ணா."

"இதையேதான் மில்லு கேட்டுல நின்னுட்டு மேனேஜரும் சொன்னான்."

"எந்த மேனேஜரு?"

சூசை தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

மற்ற இடங்களில் இப்படி ஒட்டும் பெயர்கள் 'அனுப்பு', 'முகவரி' என்று இருக்கும். சூசை ஒட்டியவை மனிதர்களின் பெயர்கள். பிறந்த தேதிக்கு நடராசு. முகவரிக்கு அப்துல் காதர். புகைப்படம் ஏற்றும் இடத்துக்குத் தெய்வாத்தாள். கடைசியில் வரும் 'விண்ணப்பி' பொத்தானுக்கு மாரக்காள். மொத்தம் நாற்பத்து மூன்று பேர். இருபத்தேழு வருடத்துக்கு முன்பு ஓர் ஆலையின் கதவடைப்பில் வெளியே தள்ளப்பட்டவர்கள். நாற்பத்து நான்காவது ஆள் சூசை. சிலர் செத்துப்போனார்கள். சிலர் போன இடம் தெரியவில்லை. ஜெயித்த போராட்டத்துக்குக் கல்வெட்டு வைக்கிறார்கள். தோற்றதற்கு ஒரு துண்டறிக்கைகூட மிஞ்சுவதில்லை.

மாலையில் அவர் மறுபடி கேட்டார்.

"மாரக்காளை மட்டும் விட்டு வையுங்க."

"ஒண்ணை விட்டா உரிச்சதுக்கே அர்த்தமில்லை. எல்லாம் போகணும்."

"சரி" என்றார்.

அந்த 'சரி'யில் சரி இல்லை. வான்மதி கிளம்பிய பிறகு அவர் நான்கு வரி எழுதினார். 'விண்ணப்பி' பொத்தான் செய்யும் வேலையை மாரக்காள் என்ற பெயரோடு கட்டினார். பெயரை உரித்தால் பொத்தானும் செத்துப்போகும். ஆலையில் கற்ற வழி அது. ஆளை எடுத்தால் இயந்திரம் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை சோதனை ஓடியது. எல்லாம் தேறியது. சோதனையின்போது பெயர்கள் இருந்தன அல்லவா. வான்மதி அவருடைய நான்கு வரியைப் படித்தாள். பரீட்சைக்காகப் பெயர்களை உரித்த ஒரு பிரதியைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டாள்.

மதியம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணா, கீழ போலாம்."

பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சோற்று வேளை. ஒரு சித்தாள் மணல் குவியல் ஓரமாகத் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அட்டைக்கு எழுதிப் போடற பக்கம் இது. திருத்தினது நாளைக்குத்தான் வெளிய வருது. நீங்க ஒருக்கா போட்டுப் பார்க்கறீங்களா? நெசமாப் போகாது, சும்மா பரீட்சைக்கு."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் கண்ணு."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தோம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள். பழனாத்தாள் என்று எழுதி முடிக்கவே நேரமானது. வான்மதி உதவிக்குப் போகவில்லை. சூசையும் போகவில்லை.

"போட்டோ வேறயா? தலையெல்லாம் சிமெண்டு. எங்க ஊட்டுக்காரரே அடையாளம் சொல்ல மாட்டாரு."

"பரவால்லக்கா, எடுங்க."

எடுத்தாள். கடைசிப் பொத்தானுக்கு வந்தாள். அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். கட்டை விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, மெதுவாக, அமுக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"என் விரலு தேஞ்சு போச்சுங்க. ரேசன் கடை மிசினும் இப்படித்தான், என்னை ஒத்துக்காது" என்றாள். கைப்பேசியைச் சூசையிடம் நீட்டினாள். "நீங்க அழுத்துங்க சார். உங்க விரலு நல்லா இருக்குது."

சூசை வாங்கினார். அழுத்தவில்லை.

"விரல்ல தப்பு இல்லீங்க" என்றார்.

"பின்ன?"

"நாங்க செஞ்ச பக்கத்துல தப்பு."

"அது எப்படிங்க சார் தப்பாகும்? எனக்குத்தான் பக்குவம் பத்தலை."

மேலே போன பிறகு சூசை நான்கு வரியையும் அழித்தார். பொத்தான் பெயரில்லாமல் வேலை செய்கிறதா என்று தன் விரலாலேயே பத்து முறை அழுத்திப் பார்த்தார்.

"காலையிலயே தெரியுமா அம்மணி?"

"தெரியும்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா எங்கிட்டச் சண்டைக்கு வந்திருப்பீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. வான்மதி பெயர்களை உரித்து, நாளைக்குப் போக வேண்டிய பிரதியைத் தயார் செய்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிரித்துக் காட்டினாள். உள்ளே வெறும் கட்டங்களும் பொத்தான்களும் இருந்தன.

சூசை திரையில் மேலும் கீழும் தேடிப் பார்த்தார்.

"இனி இவங்க எங்கதான் இருப்பாங்க?"

"சோதனைல இருப்பாங்க. அங்கிருந்து யாரும் எடுக்கப் போறதில்லை. காலைல ஏழு மணிக்கு நான் ஓட்டறப்ப ஒவ்வொரு பேரா திரைல வரும். ஒருத்தர் வரலைன்னாலும் அன்னிக்குப் பக்கம் வெளிய போகாது."

"அந்த நேரத்துல இங்க யார் இருக்கா?"

"நான் மட்டுந்தான். வாய்விட்டே படிப்பேன். ஆளில்லாத எடத்துல ஒரு சத்தம் வேணுமில்லையா."

"படிச்சு என்ன அம்மணி? யாருக்குத் தெரியும் இவங்களை?"

வான்மதி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ரெண்டு வருசமா தெனமும் படிக்கிறேன். இவங்கெல்லாம் யாருன்னு நீங்க எங்கிட்டக்கூடச் சொன்னதில்லையே, அண்ணா."