மை தடவாத ஏடு

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை வீரகேது என்ற மன்னன் ஆண்டான். அவன் பட்டமேறிய ஒன்பதாம் ஆண்டு ஐப்பசியில் அரசு ஏட்டுச்சாலைக்கு நாற்பத்திரண்டு நூல்கள் வந்தன. நாற்பத்தொன்று திரும்பிப் போயின. ஏற்கப்பட்ட ஒன்று, மன்னனின் மீசையைப் பற்றிய நூறு பாடல்கள். எழுதியவர், சாலை அதிகாரி சுந்தர விழுப்பரையரின் மைத்துனர்.

ஏட்டுச்சாலையின் வேலை, நல்ல நூலைப் பல படிகள் எடுத்து ஊர் ஊராக அனுப்புவது. மற்றவற்றைத் திருப்பிவிடலாம். திருப்பும்போது விழுப்பரையர் எல்லாருக்கும் ஒரே வாசகத்தைத்தான் எழுதுவார்: "முழுவதும் படித்தோம். எங்கள் தற்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை. இது நூலின் தரம் பற்றிய கருத்து அல்ல." தேவை என்னவென்று கேட்டால், "அனுப்புங்கள், பார்த்தால் தெரியும்" என்பார். போதாததற்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார். மூன்றாம் முறையும் வேண்டாம் என்று தீர்மானித்த நூல் எழுதியவர் கைக்குப் போகாது, அரண்மனை அடுப்புக்குப் போகும். வைக்க இடமில்லையாம்.

கொற்றி என்ற புலவர் பஞ்ச காலத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரித்து ஒரு நூல் எழுதியிருந்தார். வேறு படி கிடையாது. மூன்றாம் முறையும் அது வேண்டாம் என்று தீர்மானமானதும், அமைச்சர் பொறையனாரிடம் வந்தார்.

"நாளை அடுப்பில் வைக்கிறார்கள், ஐயா."

"படித்துப் பார்த்துத்தானே வேண்டாம் என்கிறார்கள்?"

"எங்கே படித்தார்கள்? இரண்டு தடவையும் ஏடு வெள்ளையாகவே திரும்பி வந்தது."

அமைச்சருக்குப் புரிந்தது. எழுத்தாணியால் கீறிய எழுத்து, மை தடவினால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த நாட்டில் மை தடவும் உரிமை சாலைக்கு மட்டுமே. ஏடு வெள்ளையாக வந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். மன்னருக்குத்தான் தெரியாது. அவர் பார்ப்பது மீசைப் பாட்டு. அது நன்றாகவே கறுத்திருக்கும்."

"ஏன் யாரும் சொல்லவில்லை?"

"சொன்னால் அடுத்த நூலும் திரும்புமே."

மறுநாள் காலை, அடுப்பு மூட்டுமுன் அமைச்சர் கொற்றியையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனார். ஓர் ஓலையில் ஏதோ கீறி, மன்னன் காதில் இரண்டு சொல் சொன்னார். வீரகேதுவுக்கு அன்று பொழுது போகவில்லை. சிரித்துத் தலையாட்டினான்.

"விழுப்பரையரே, கொற்றியின் நூலைப் படித்தீரா?" என்றார் அமைச்சர்.

"மூன்று முறை. உழைப்பு தெரிகிறது. ஆனால் தற்போதைய தேவை என்று ஒன்று..."

"ஏட்டில் மையே இல்லையே."

"மை உங்களைப் போன்றவர்களுக்கு. இது முப்பது ஆண்டு ஓலை பார்த்த கண்."

"அப்படியா? இதோ, இன்று வந்த ஒற்றை ஓலை. சபையில் உரக்கப் படித்துவிட்டு, ஏற்கலாமா என்று சொல்லும்."

விழுப்பரையர் ஓலையைச் சாய்த்தார், நிமிர்த்தினார், சாளரத்துப் பக்கம் காட்டினார்.

"உரக்கப் படிக்கும் தகுதி இதற்கில்லை, மன்னா. நடை சுமார். கருத்து பழசு. நம் தற்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை."

"முழுவதும் படித்தீரா?"

"எழுத்தெழுத்தாக."

மன்னன் மை கொண்டுவரச் சொன்னான். தன் விரலாலேயே தடவித் துடைத்து, உரக்கப் படித்தான்: "இதைச் சபையில் உரக்கப் படிக்கும் ஏட்டுச்சாலை அதிகாரிக்கு ஆவூர் முழுவதும் வரியில்லா மானியம்."

சபை வெடித்துச் சிரித்தது.

"ஆவூரில் இரண்டு போகம் விளையும் ஓய்," என்றார் சேனாபதி. "பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டீரே."

அமைச்சர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு உமக்குப் பல்வலி வருகிறது. வைத்தியர் வாயைத் திறக்கவும் சொல்லாமல், 'முழுவதும் பார்த்தோம், உமது வலி எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை' என்றால் என்ன செய்வீர்?"

"மூட்டை மூட்டையாக வருகிறது, அமைச்சரே. எல்லாவற்றையும் எப்படிப் படிப்பது?"

"அப்படியானால் படிக்கவில்லை என்று எழுதும். வேண்டாம் என்று சொல்ல உமக்கு உரிமை உண்டு. வருகிற எல்லாவற்றையும் ஏற்க எந்தச் சாலையாலும் முடியாது. படித்தோம் என்று பொய் எழுதினீர் பாரும், அதற்கு உரிமை கிடையாது. படிக்காததை எரிக்கவும் கிடையாது."



"ஆவூரை நீரே வைத்துக்கொள்ளும், பொறையனாரே," என்றான் மன்னன்.

"ஊர் வேண்டாம். அந்த நூலை இப்போதே இங்கே படிக்கச் சொல்லுங்கள்."

கட்டு வந்தது. மன்னன் ஆணைப்படி விழுப்பரையரே தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் ஓலைக்கும் மை தடவினார். மணிக்கட்டுவரை கறுத்துப்போனது. கொற்றி படித்தார். பஞ்சத்தில் கழனியூரில் சனங்கள் களஞ்சியத்தின் வாசலிலேயே செத்துக் கிடந்தார்கள். உள்ளே நெல் இருந்தது. பூட்டின் மேல் அரச முத்திரை இருந்தது.

மன்னன் முகம் மாறியது.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நமது தற்போதைய தேவைக்கு..."

"மன்னா," என்றார் அமைச்சர், "அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்."

கொற்றி தலைநிமிராமல் அடுத்த ஓலையைப் படித்தார். அதற்கடுத்ததையும் படித்தார். கட்டு முடிந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள்.

"படி எடுங்கள்," என்றான் வீரகேது.

"எத்தனை, மன்னா?"

"களஞ்சியம் இருக்கிற ஊருக்கெல்லாம் ஒன்று."

விழுப்பரையர் பதவி இழந்தார். மூன்றாம் முறைச் சட்டமும் அன்றே நீங்கியது.

வீரகேதுவின் பதினோராம் ஆண்டில் மழை பொய்த்தது. ஆவணி ஆறாம் நாள் நெடுங்கரையின் களஞ்சியங்கள் எல்லாம் திறக்கப்பட்டன.