சத்திரத்துச் சுமைதாங்கி

மரகதம் அம்மாவிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள். கோமளவல்லி பெட்டியைக் கொண்டுவந்தாள்.

சக்கரம் வைத்த பெட்டி. அதில் ஒரு சக்கரம் எப்போதோ போய்விட்டது. வாசல் மண்ணை உழுதுகொண்டே வந்து நின்றது.

மரகதம் அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஊருக்கா, கோமளா?"

"இல்லைம்மா. இங்கேயே இருந்துடப் போறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"அலுத்துப்போச்சு. கொழுந்தன் பையனுக்கு எங்க ஊர் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. படிப்பு முடியற வரைக்கும் எங்க வீட்டுலதானாம். நாளைக்குப் பெட்டி படுக்கையோட வந்து இறங்கறான். ஏற்கெனவே மாமியார் இருக்காங்க. மாமியாரோட அக்கா இருக்காங்க. நாத்தனாரோட நாய் இருக்கு."

"நாத்தனார்?"

"அவ சிங்கப்பூர்ல இருக்கா. நாய்க்கு விசா கிடைக்கலையாம்."

"பையன் வரட்டும்னு சொன்னியா?"

"என்னை யாரும்மா கேட்டா? கொழுந்தன் தயாளன் போன்ல சொன்னார். அவ்வளவுதான்."

"நீ என்ன சொன்னே?"

கோமளா யோசித்தாள்.

"'ம்'னேன்."

மரகதம் அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் மறுபடி கூப்பிடுவார்மா. ரூமை ஒழிச்சாச்சான்னு கேப்பார். அப்போ நான் அந்த வீட்டுல இருக்கக்கூடாது. எனக்கு இங்கே ஒரு மூலை குடுங்க, போதும்."

"மூலையில உக்காந்து என்ன செய்வே?"

"ஏன் உக்காரணும்? விடியறதுக்குள்ள எழுந்து வாசல் தெளிப்பேன். சமைப்பேன். வர்றவங்களுக்குக் காப்பி போடுவேன். உங்க முட்டிக்குத் தைலம் தேய்ப்பேன். இந்த அரிசியையும் நானே பார்ப்பேன், நீங்க பாதிக் கல்லை விட்டுடறீங்க."

"நல்லது. இதுக்கும் உன் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இங்கே நாய் இல்லை."

மரகதம் அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"கார்லயா வந்தே?"

"ம்."

"பெட்டியை மறுபடி கார்லயே வை. கழிமுகத்துச் சத்திரம் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"அங்கே என்னம்மா இருக்கு? எல்லாம் இடிஞ்சு கிடக்கு."

"அதனாலதான். யாரும் காப்பி கேக்க மாட்டாங்க."

கோமளா உள்ளே போய், வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள்.

கடற்கரைச் சாலையில் வெயில் கூசியது. கோமளா ஓட்டினாள். ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் வாயால் திட்டினாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அவள் கணவர்.

"கோமு, உளுத்தம்பருப்பு எந்த டப்பாவுல இருக்கு?"

"காப்பிப்பொடின்னு எழுதியிருக்கிற டப்பாவுல."

"அப்போ காப்பிப்பொடி?"

"ரவை டப்பாவுல."

"இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

போன் நின்றது. அவர் உளுத்தம்பருப்பைத் தேடினார். பரணிலிருந்து காணாமல்போன பெட்டியைத் தேடவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கோமளா சொன்னாள்: "உங்களுக்கு என்னம்மா, கல்யாணம் பண்ணிக்கலை. ஞானம் தானா வந்து உக்காந்துக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முட்டிவலிதான் வந்து உக்காந்தது."

சாலை முடிந்த இடத்தில் காரை நிறுத்தினார்கள். அதற்குமேல் மணல். மரகதம் அம்மா இறங்கியதும் குடையை நீட்டினார். கோமளா வாங்கிக்கொண்டாள். தன் கைப்பையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர் பாட்டிலும் ஏற்கெனவே அவளிடம்தான் இருந்தன.

வழியில் அலை அரித்து உருட்டிய செங்கல் ஒன்று கிடந்தது. மரகதம் அம்மா குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கோமளாவிடம் நீட்டினார்.

"ம்," என்று வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

சத்திரத்துக்குக் கூரை இல்லை. தூண்களில் பாதி நின்றன, பாதி படுத்திருந்தன. அடுக்களை இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து நண்டுகள் ஓடின. சுவர் முழுக்கக் காதலர்கள் பெயர் எழுதியிருந்தார்கள்.

"ஒருத்தனாவது எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கானா பாருங்க," என்றாள் கோமளா. "இவனுங்களுக்குக் காதல் ஒண்ணுதான் குறைச்சல்."

வெளிச்சுவரில் கை எட்டும் உயரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள். துருப்பிடித்திருந்தாலும் விழாமல் இருந்தன. கோமளா ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எதுக்கும்மா?"

"இந்தத் துறையில உப்பு வியாபாரம் நடந்துச்சு. மூட்டை சுமந்து வர்ற கழுதைங்களை ராத்திரி இதுல கட்டுவாங்க. விடிஞ்சதும் அவிழ்த்து மறுபடி ஏத்துவாங்க."

"பாவம்."

"யாரு?"

"கழுதைங்கதான்."

மரகதம் அம்மா தண்ணீர்ப் பக்கம் நடந்தார்.

படித்துறை ஓரத்தில் அது தனியாக நின்றது. கழுத்து உயரத்துக்கு இரண்டு நட்டகல். அவற்றின் தலையில் குறுக்கே படுத்த ஒரு பலகைக்கல். சுற்றிலும் எல்லாம் விழுந்திருக்க, அது மட்டும் அசையாமல் இருந்தது. தலைச்சுமைக்காரர்கள் இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கான சுமைதாங்கிக் கல்.

கோமளா அதன்மேல் குடை, பை, தூக்கு, பாட்டில், செங்கல் எல்லாவற்றையும் இறக்கினாள். தோளைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு கல்லையே பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்ன?"

"எங்க அறுபதாம் கல்யாணத்துல தயாளன் மைக்குல பேசினார்மா. 'எங்க அண்ணிதான் எங்க குடும்பத்துச் சுமைதாங்கி'ன்னார். மண்டபமே கை தட்டிச்சு. எனக்கு ஒரே பெருமை." மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த நாள் காலையில மாமியாரோட அக்காவை விட்டுட்டுப் போனாங்க."

"கை தட்டினவங்களா?"

"அவங்கதான்."

மரகதம் அம்மா கல்லின் நிழலில் மெல்ல உட்கார்ந்தார். கோமளா செங்கல்லைக் காட்டினாள்.

"அம்மா, இது எதுக்குன்னு சொல்லவே இல்லையே."

"எதுக்கும் இல்லை. நீட்டினேன். வாங்கிக்கிட்டே."

கோமளாவுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு தூரம் மணல்ல தூக்கிட்டு வந்திருக்கேன்!"

"ம்," என்றார் மரகதம் அம்மா, அவளைப்போலவே.

அப்போது படித்துறையிலிருந்து ஒரு பெண் மேலேறி வந்தாள். தலையில் இறால் கூடை. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"யக்கா, உங்க சாமானைக் கொஞ்சம் ஒதுக்கு. கழுத்து விட்டுப்போச்சு."

கோமளா அவசரமாக ஒதுக்கினாள். அந்தப் பெண் யாருடைய கையையும் எதிர்பார்க்கவில்லை. கல்லை ஒட்டி நின்று, தலையைச் சாய்த்துக் கூடையை அப்படியே அதன்மேல் நகர்த்தினாள். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். கோமளா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். புளியோதரையில் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மி," என்றாள்.

"இந்தக் கல்லு யாரு வச்சதும்மா?" கோமளா அவளைக் கேட்டாள்.

"யாரோ வயித்துப்பிள்ளையோட செத்துப்போனவளுக்கு வச்சதாம். அவளாலதான் இறக்கிவைக்க முடியலை, வர்றவங்க போறவங்களாவது இறக்கிவைக்கட்டும்னு." விரலைச் சூப்பிக்கொண்டாள். "நல்ல மனுஷங்க. இல்லாட்டி இந்த மணல்ல எவ தூக்கிவிடுவா?"

சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள்.

கோமளா எழுந்தாள். "ரொம்பக் களைச்சுப்போயிருக்கே. குடு, ரோடு வரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."

அந்தப் பெண் சிரித்தாள்.

"நல்லா இருக்கே! கூடையை உன்கிட்ட குடுத்துட்டு வெறுங்கையை வீசிக்கிட்டுப் போனா எங்க வீட்டுல சும்மா விடுவாங்களா யக்கா? உன் சாமானைப் பாரு."

கூடையைக் கல்லின் விளிம்புக்கு இழுத்து அதனடியில் தலையைக் கொடுத்தாள். கூடை ஏறியது. மணலில் அவள் நடந்து போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்திரத்தைத் தாண்டி, காரைத் தாண்டி, சாலையில் ஏறி மறைந்தாள்.

வெயில் தாழ்ந்துவிட்டது. மரகதம் அம்மா கேட்டார்:

"கூடை எங்கே?"

"அவதான் எடுத்துட்டுப் போயிட்டாளே."

"கல்லு?"

கோமளா திரும்பிப் பார்த்தாள். கல் இருந்த இடத்தில் இருந்தது.

கோமளா சண்டைக்கு வந்தவள்போலக் கேட்டாள்:

"ஆனா அவங்க என்னைச் சுமைதாங்கின்னுதானேம்மா சொன்னாங்க? மைக்குல சொன்னாங்க, எல்லார் முன்னாடியும்."

மரகதம் அம்மா கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் பையைத் தானே எடுத்தார். குடையையும் எடுத்தார்.

"சுமைதாங்கி நடக்காது, கோமளா. சுமையோட நடக்கறதை எங்கே கட்டுவாங்கன்னு வரும்போது பார்த்தியே."

சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

போன் அடித்தது. கோமளா பழக்கத்தில் எடுத்தாள். பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, நான் தயாளன். பையன் காலையிலேயே வந்துடுவான். மேல் ரூம்தானே? அவனுக்கு ஏ.சி. இல்லாம தூக்கம் வராது, அண்ணன்கிட்ட சொல்லி ஒண்ணு மாட்டிடுங்க. அப்புறம் அவன் கத்திரிக்காய் தொடமாட்டான், தனியா ஏதாவது பண்ணிடுங்க. சரியா அண்ணி?"

கோமளாவின் உதடுகள் தாமாகவே சேர்ந்தன.

எதிரே சத்திரத்துச் சுவர். சாயங்கால வெயில் அந்த வளையங்களில் விழுந்து, ஒவ்வொன்றின் நிழலும் சுவரில் நீளமாகச் சாய்ந்து கிடந்தது.

உதடுகள் பிரிந்தன.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா? என்ன அண்ணி, ஒரு 'ம்' கூடக் காணோம்?"

செங்கல் கல்லின்மேலேயே இருந்தது. கோமளா தூக்கையும் பாட்டிலையும் மட்டும் எடுத்துக்கொண்டாள்.