கரடியின் கைக்குக் குளிரவில்லை

மலைக்காட்டில் சிலுப்பி என்றொரு தாய்க்கீரி இருந்தது. அதன் வளையின் மேல்பக்கத்தில் ஒரு விரிசல். மார்கழிக் காற்று அதன் வழியாகச் சில்லென்று இறங்கியது. பகலெல்லாம் அலைந்து இரை கொண்டுவந்து ஊட்டினாலும் குட்டிகளின் உடம்பில் சூடு தங்கவில்லை. கடைக்குட்டி பால்கூடக் குடிக்காமல் வெடவெடவென்று நடுங்கியது.

அந்த வருஷம் காட்டுப் பஞ்சாயத்து ஒரு திட்டம் போட்டது. குளிர் புகும் வளைகளையெல்லாம் இலவம்பஞ்சு வைத்து அடைத்துத் தருவார்களாம்! குளிர் புகுகிறதா என்று சோதிக்கும் வேலை யாருக்கு? கரடிக்கு! காட்டிலேயே அடர்ந்த முடி அதற்குத்தான். விளங்குமா அந்தச் சோதனை?

கரடி வந்தது. விரிசலுக்குள் கையை விட்டது.

"குளிரே இல்லையே! நல்லாத்தானே இருக்கு!"

"ஐயா, குட்டி நடுங்குது பாருங்க!"

"அது பயத்துல நடுங்குதும்மா. என் கைக்குத் தெரியாத குளிரா?"

சிலுப்பி மூன்று தடவை மனுக் கொடுத்தது. மூன்று தடவையும் அதே கை, அதே பதில். மற்ற வளைகளுக்கும் இதே கதிதான். "நம்ம காட்டில் குளிரே இல்லை!" என்று பஞ்சாயத்து தம்பட்டம் அடித்தது. மிச்சமான பஞ்சு மூட்டைகளைத் தன் குகையில் போட்டு, அவற்றின்மேல் கரடி சொகுசாகப் படுத்துத் தூங்கியது.

"நாசமாப் போக உங்க திட்டம்!" என்று திட்டிக்கொண்டே சிலுப்பி பலாப் பிசினை வழித்துவந்து விரிசல் முழுக்க அப்பியது. அதன்மேல் ஒட்டச் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது பஞ்சாயத்துக் கணக்குக்காகக் கரடி மறுபடியும் சோதனைக்கு வந்து நின்றது.

"கையை விடாதீங்க! பிசின் பூசியிருக்கேன்!"

"எனக்கே புத்தி சொல்றியா? தள்ளு!"

விட்டது கையை. பிசின் பிடித்துக்கொண்டது. கரடி கத்திக்கொண்டே இழுத்தது. கை வெளியே வந்தது, முடி வரவில்லை! கொத்துக் கொத்தாகப் பிய்ந்த முடி விரிசலை இறுக்கமாக அடைத்துக்கொண்டது.

மொட்டைக் கையில் காற்றுப் பட்டதும் கரடி துள்ளியது. "ஐயோ, குளிருதே! குளிருதே!"

"குளிரே இல்லைன்னீங்களே! பயத்துல நடுங்குறீங்களோ?" என்று சீறியது சிலுப்பி.

சத்தம் கேட்டு, அதே போலப் பஞ்சு கிடைக்காத எலியும் முள்ளம்பன்றியும் ஓடிவந்து அந்த மொட்டைக் கையைப் பார்த்தன. நேரே கரடியின் குகைக்குப் போய், ஆளுக்கொரு பஞ்சு மூட்டையை இழுத்து வந்தன. கரடி மொட்டைக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டது.

வளைக்குள் கடைக்குட்டி நடுக்கம் நின்று, சப்புக்கொட்டிப் பால் குடித்தது.

தனக்கு வராத கஷ்டம் யாருக்குமே இல்லை என்று சொல்பவனிடம், எளியவர் வீட்டைச் சோதிக்கும் வேலையைக் கொடுக்கவே கூடாது.