பாலாடையில் மருந்து குடித்த உருளைக்கிழங்கு

கொடைக்கானலுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்தையும் தாண்டி ஆட்டுப்பாறை என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் இம்மி பிசகாமல் செய்வார்கள். அந்த ஊரைப் பிடித்த வியாதியே அதுதான்.

அங்கே பிச்சைமணிக்கு ஒரு கவலை. அவன் தோட்டத்து உருளைக்கிழங்கு வருஷா வருஷம் கோலிக்குண்டு அளவைத் தாண்டுவதில்லை. “இந்தத் தடவையும் இப்படியே விளைஞ்சா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்” என்று அவன் மனைவி செல்லக்கிளி சொல்லிவிட்டாள். பெரியகுளத்தில் பிறந்தவள்தான், ஆனாலும் ஆட்டுப்பாறைத் தண்ணீர் குடித்துப் பழகியவள். சொன்னால் செய்துவிடுவாள். பிச்சைமணிக்கு அவள் மேல் கொள்ளை ஆசை.

வேளாண்மை ஆபீசரிடம் போய் அழுதான். அவர் கிழங்கைப் பருக்க வைக்கிற ஹார்மோன் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, தண்ணீரில் கலந்து இலையில் விடச் சொன்னார். காற்று அடிக்கும்போது விடக்கூடாதாம். “அளவு ரொம்ப முக்கியம். கைக்குழந்தைக்கு மருந்து குடுக்கிற மாதிரி குடுங்க” என்றார்.

ஆட்டுப்பாறையில் காற்று அடிக்காத நாளே கிடையாது. அதனால் ஊரே கம்பளியையும் ஜமுக்காளத்தையும் விரித்துப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நின்றது. ஊருக்கு யோசனை சொல்கிற கொண்டையன் நடுவில் வந்தார்.

“கைக்குழந்தைக்கு மருந்து எதுல குடுப்போம்?”

“பாலாடையில” என்றான் பிச்சைமணி, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்குக் கிண்ணத்தைச் சொல்லி.

“நிக்க வச்சா குடுப்போம்?”

“மடியில போட்டுத்தான் குடுக்கணும்.”

“செடி நிக்குதே.”

செடிகளைப் பிடுங்குவதென்று முடிவாயிற்று.

ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, மடியில் கிடத்தி, பாலாடையால் இலைக்கு இலை மருந்து புகட்டி, ஏப்பம் வருவதற்காக முதுகைத் தட்டி, மறுபடி நட்டார்கள். செடிக்கு முதுகு எந்தப் பக்கம் என்று ஒரு சண்டை வந்தது. இரண்டு பக்கமும் தட்டலாம் என்று கொண்டையன் சமாதானம் செய்துவைத்தார். வாராவாரம் இந்த வைத்தியம் நடந்தது.

வெட்டியபோது கிழங்கு கோலிக்குண்டிலும் சின்னதாக இருந்தது. செல்லக்கிளி பையை எடுத்தாள். பிச்சைமணி தேம்பித் தேம்பி அழுதான்.

கொண்டையன் ஒரு கிழங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “ஆபீசர்தான் கைக்குழந்தைன்னாரே. கைக்குழந்தை பின்ன எவ்வளவு பெருசா இருக்கும்? பச்சப்புள்ளைகள விட்டுட்டுத் தாய் மட்டும் போகலாமா?”

போகக்கூடாதுதான். ஆனால் போவேன் என்று சொன்னவள் போகாமலும் இருக்க முடியாது. அதனால் செல்லக்கிளி கிழங்கு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிச்சைமணிக்கும் மனசு ஆறிவிட்டது. பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் இருப்பது ஊரில் உள்ள முறைதானே. ஒற்றைப்படை மாதம் பார்த்து அழைத்துவந்தால் போயிற்று.

மூன்றாம் மாதம் பழத்தட்டு, வளையல், கிலுகிலுப்பையோடு கொண்டையனும் இன்னும் சில பெரிய மனிதர்களும் துணைக்கு வர, பிச்சைமணி பெரியகுளம் போனான். செல்லக்கிளி பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். மாமியார் இலை போட்டு, சின்ன உருளைக்கிழங்கு வறுவலோடு விருந்து வைத்தாள். வறுவல் அருமை என்று எல்லாரும் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

செல்லக்கிளி வந்தவள் நேராக உள்ளே போய், திரும்பி வந்தாள். “தூளி காலியா இருக்கே.”

“அதுல கிடந்ததத்தானே இவ்வளவு நேரம் ருசிச்சுத் தின்னாங்க” என்றாள் மாமியார்.

யாருக்கும் கை கழுவத் தோன்றவில்லை. செல்லக்கிளி இனி வரவே மாட்டாள் என்று பிச்சைமணி கொண்டையனைப் பார்த்தான். கொண்டையன் ஒரு யோசனை சொன்னார்.

“பிள்ளைக இருக்கிற இடத்துலதானே தாய் இருக்கணும்?”

செல்லக்கிளி புருஷனுடைய வயிற்றைப் பார்த்தாள். நியாயம்தான் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மலை ஏறுகிற வரைக்கும் பஸ்ஸில் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். கொண்டையனும் மற்றவர்களும் முன் சீட்டுகளில் சட்டையைக் கழற்றிவிட்டு, தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.