கத்தரிச் செடிக்குப் போட்ட பஞ்சு மெத்தை

முள்காட்டின் ஓரத்தில் வனக்காவலர் ஒருவரின் வீடு. வாசலில் ஒரு மண்தொட்டி. அதில் வளர்ந்த கத்தரிச் செடியின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது செங்கொண்டை என்ற தையல்சிட்டு. கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள்.

அந்த ஆண்டு மழையே இல்லை. காவலர் மாலையில் ஊற்றும் ஒரு சொம்புத் தண்ணீர் மறுநாள் உச்சிக்குள் காய்ந்துவிடும். இலை துவண்டால் தையல் பிரியும், குஞ்சுகள் விழும். செங்கொண்டைக்குத் தூக்கமே போய்விட்டது.

வேலியில் உட்கார்ந்திருந்த அண்டங்காக்கைக்கும் அந்தக் குஞ்சுகள்மேல் ஒரு கண்.

“வெயில் படாம மண்ணை மூடணும் தாயி,” என்றது காக்கை. “பிள்ளைங்களுக்கு இலவம்பஞ்சு மெத்தை போட்டிருக்கியே, அதையே செடிக்கும் போடேன்.”

செங்கொண்டைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பஞ்சைப் பற்றித் தனக்குத் தெரியாததா! நாள் முழுக்கச் சுமந்து வந்து, தொட்டியின் விளிம்புவரை திணித்து மூடியது. பிறகு இரை தேடப் போய்விட்டது. அன்று மாலை காவலர் தண்ணீர் ஊற்றியதை அது பார்க்கவில்லை.

மறுநாள் உச்சியில் செடி தலையைத் தொங்கப் போட்டது. ஒரு தையல் பிரிந்தது. ஒரு குஞ்சின் கழுத்து வெளியே தெரிந்தது. காக்கை வேலியிலிருந்து தொட்டிக்கருகே தத்தி வந்தது.

பஞ்சை விலக்கிக்கொண்டு ஒரு மண்புழு தலை நீட்டியது. “அம்மா, ஒரு சொட்டுத் தண்ணி கீழே வரலை. எல்லாம் பஞ்சுமேலேயே உருண்டு வெளியே வழிஞ்சிடுச்சு.”

செங்கொண்டை குனிந்து பஞ்சைக் கொத்திப் பார்த்தது. நனையாது என்றுதானே அந்தப் பஞ்சைக் குஞ்சுகளுக்குப் போட்டது? அதே பஞ்சு மண்ணையும் நனையவிடவில்லை.

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“சருகு போடு. இடுக்குல தண்ணி இறங்கும், வெயிலும் படாது. தண்டை ஒட்டிக் குவிச்சிடாதே, அழுகிடும்.”

“சீக்கிரம் போய்க் கொண்டு வா,” என்றது காக்கை. “நான் காவல் இருக்கேன்.”

செங்கொண்டை நகரவில்லை. பிரிந்த இலையைக் காலால் இறுகப் பிடித்துக்கொண்டு, குனிந்து பஞ்சைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்து எறிந்தது. காக்கை பாய்ந்தது. அனல்காற்றில் பறந்த பஞ்சு அதன் கண்ணிலும் மூக்கிலும் அப்பிக்கொண்டது. தும்மிக்கொண்டே வேலிக்குத் திரும்பியது.

கால் மரத்துப்போயும் செங்கொண்டை பிடியை விடவில்லை. மாலையில் காவலர் வந்ததும் காக்கை பறந்தோடியது. அவர் ஊற்றிய தண்ணீர் இம்முறை நேராக மண்ணுக்குள் இறங்கியது. செங்கொண்டை பிரிந்த இடத்தைத் தைத்தது. இருட்டுவதற்குள் வேப்பஞ்சருகைக் கொண்டுவந்து, தண்டைச் சுற்றி இடம் விட்டுப் பரப்பியது.

அடுத்த நாள் உச்சி வெயிலில் காக்கை வந்து பார்த்தது. இலைகள் விறைப்பாக நின்றன. குஞ்சுகள் இருக்கும் இடமே தெரியவில்லை.

ஒருவருக்கு உதவப் போகிறவர்கள், தமக்குப் பிடித்ததைக் கொடுக்காமல், அவருக்குத் தேவையானதை அறிந்து கொடுக்க வேண்டும்.